சோறு எப்படி கொழுப்பா மாறுது? விடை தேடிய ஃபியோடர் லினென்

எண்ணெய்ப் பலகாரம் பக்கமே போகாதவருக்கும் தொப்பை விழும். சோறும் சர்க்கரையும் போதும், மிச்சமாவதை உடம்பு கொழுப்பாக்கிச் சேர்த்து வெச்சுக்கும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா செல்லுக்குள் அது எப்படி நடக்கிறது என்பது 1950 வரை யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. அந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் ஃபியோடர் லினென்.

1911 ஏப்ரல் 6-ல் மியூனிக்கில் பிறந்தார். அங்கேயே பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிக் வீலாண்டிடம் வேதியியல் படித்தார். 1937-ல் விஷக் காளான் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம். அதே வருஷம் வாத்தியாரின் மகள் ஈவாவுடன் கல்யாணம். மாணவராக இருந்தபோது பனிச்சறுக்கில் விழுந்து காலில் பலத்த அடி. வாழ்நாள் முழுக்க நொண்டி நடந்தார். ஆனால் ஹிட்லரின் ராணுவத்துக்குப் போகாமல் தப்பித்ததும் அந்தக் காலால்தான்.

அதே வருடங்களில் மியூனிக்கில் இன்னொரு கல்லூரியில் படித்தவர் கொன்ராட் பிளாக். லினெனை விட ஒரு வயது சின்னவர், யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் 1934-ல் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. பின்னர் அமெரிக்காவில் ரிட்டன்பெர்க்குடன் சேர்ந்து, அடையாளம் இட்ட அசிட்டிக் அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஆமாம், வினிகரில் இருக்கும் அதே அமிலம். அதன் கார்பன் எலியின் கொழுப்பில் வந்து உட்கார்ந்திருந்தது!

அப்படின்னா வினிகர்தான் கொழுப்புக்குச் செங்கல். ஆனால் ஒரு சிக்கல். அசிட்டிக் அமிலம் சும்மா கிடந்தால் எதோடும் ஒட்டாது. செல் அதை ஏதோ ஒன்றில் மாட்டித்தான் உசுப்பேற்றுகிறது. மாட்டும் பொருள் கோஎன்சைம் ஏ என்று ஃபிரிட்ஸ் லிப்மான் கண்டிருந்தார். எந்த இடத்தில் மாட்டுகிறது? அதைத்தான் லினென் பிடித்தார். ஈஸ்டிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, பிணைப்பு கந்தக அணுவில்தான் இருக்கிறது என்று 1951-ல் வெளியிட்டார். கந்தகத்தோடு சேர்ந்த பிணைப்பில் சக்தி அதிகம், அதனால்தான் அடுத்த வேலை நடக்கிறது.

சரி, அடுத்து? இங்கேதான் சறுக்கல். கொழுப்பை எரிக்கும்போது செல் இரண்டு இரண்டு கார்பனாக நறுக்குகிறது. அதே பாதையில் திரும்பி நடந்தால் கொழுப்பு உருவாகிவிடும் என்று பலரும் நினைத்தார்கள், லினெனும்தான். இல்லை என்று காட்டியது அமெரிக்காவில் சாலிஹ் வாக்கில் இருந்த குழு. எரிப்பது மைட்டோகாண்ட்ரியாவில், கட்டுவது அதற்கு வெளியே. கட்டுவதற்கு கரியமில வாயு வேண்டும். ஆனால் முடிந்த கொழுப்பில் அந்த வாயுவின் கார்பன் ஒன்றுகூட இருக்காது!

ஸ்டார்ட் ஆகாத காரைத் தள்ளிவிட்டு ஒதுங்கிப் போகும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்பன் துண்டில் கரியமில வாயு ஏறி மூன்று கார்பன் ஆகிறது. சங்கிலியில் சேரும் நேரத்தில் அது கழன்றுகொள்ள, அந்த விசையில் மற்ற இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இப்படி ஏழு சுற்று வந்தால் 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலம் தயார். வாயுவைச் சுமந்து வருவது பயோட்டின், முடி வளர்க்கும் மாத்திரை விளம்பரத்தில் வருமே, அதேதான். அது எப்படிச் சுமக்கிறது என்று காட்டியது லினெனின் ஆய்வகம்.

நம்பிய பாதை தப்பு என்று தெரிந்ததும் லினென் அதைப் பிடித்துத் தொங்கவில்லை. புதுப் பாதையை ஈஸ்டில் தேடினார். என்சைம்கள் தனித்தனியாக இல்லை, ஒரே பெரிய கொத்தாக இருந்தன. வளரும் சங்கிலி அந்தக் கொத்தை விட்டு இறங்குவதே இல்லை. ஒரே இடத்தில் மாட்டியபடி ஒவ்வொரு வேலைக்கும் நகர்ந்துகொண்டே போய், முழுசானதும்தான் வெளியே வருகிறது.

1964-ல் மருத்துவ நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்து தரப்பட்டது. ஒருவர் மியூனிக்கிலேயே இருந்த லினென், மற்றவர் மியூனிக்கை விட்டுப் போன பிளாக்.

கடைசி ஆண்டுகளில் ஹம்போல்ட் அறக்கட்டளையின் தலைவராக இருந்த லினென், 1979 ஆகஸ்ட் 6-ல் தன் 68-வது வயதில் மியூனிக்கில் இறந்தார். ஜெர்மனியின் ஆய்வாளர்களை வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பும் அந்த அறக்கட்டளையின் உதவித்தொகை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.