சுப்பாராவ் கண்ட வேறு வாசல்

மைசூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாஸ்பரசை அளக்கையில் குழாயில் நீலநிறம் தோன்றும். பிஸ்கேயுடன் சேர்ந்து 1925-இல் அம்முறையை வகுத்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895-இல் பீமவரத்தில் பிறந்தார். சென்னையில் மருத்துவம் பயின்றார். கதர் அணிந்து ஆசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளானதால், தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிட்டியது. அமெரிக்கா சென்று, தொடக்கத்தில் மருத்துவமனையில் இரவு ஊழியம் செய்து ஹார்வர்டில் கற்றார். தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யை 1929-இல் பிஸ்கேயுடன் பிரித்துக் காட்டினார். ஆயினும் அங்கே நிலையான பதவி கிட்டவில்லை.

1940-இல் லெடர்லி மருந்து நிறுவனம் புகுந்தார். அவர் நடத்திய ஆய்வினால் செயற்கைப் போலிக் அமிலம், ஆரியோமைசின், யானைக்கால் நோய்க்கும் இரத்தப் புற்றுக்கும் மருந்துகள் உலகுக்குக் கிடைத்தன. 1948-இல், 53 வயதில் மறைந்தார்.

நண்பர்களே, பேராசிரியர் பதவி கிட்டாவிடில் படிப்பே வீண் என்று நாம் கலங்குகிறோம். அறிவியலுக்கு வாசல் ஒன்றன்று; அதை அவர் வாழ்ந்தே காட்டினார்.