மருத்துவமும் இசையும்: தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் வரலாறு

திண்டிவனத்தினின்று புதுவைக்குச் செல்லும் பெருவழிக்கு அணித்தாக இரும்பை என்னும் சிற்றூர் உளது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற மாகாளம் அவ்வூர்த் திருக்கோயிலேயாம். விழுப்புரத்திற்குத் தெற்கே சென்றாலோ திருவதிகை. திருநாவுக்கரசர் அங்கே பதிகம் பாடிச் சூலைநோய் நீங்கப்பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். ஆகவே இசைக்கும் பிணி தீர்தற்கும் தொடர்புண்டு என்னும் எண்ணம் நம் பகுதியார்க்குப் புதியதன்று.

ஆயினும் அஃது ஒரு தொழிலாக உருப்பெற்றது அண்மைக் காலத்திலேயாம். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற போர்வீரர்க்கு அமெரிக்க மருத்துவமனைகளில் இசையால் ஆறுதலளித்தனர். அதன் பயனைக் கண்ட பின்னர், முறையான பயிற்சி வேண்டுமென்ற எண்ணம் வலுப்பட்டது. 1944-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலக் கல்லூரி இதற்கெனப் பட்டப் படிப்பைத் தொடங்கிற்று. 1950-இல் அந்நாட்டில் இத்தொழிலினர்க்கு ஒரு சங்கமும் அமைந்தது. படையிற் சேர்ந்து ஊழியம் செய்யவும் வேண்டும், இக்கலையையும் கைவிடலாகாது என்று எண்ணும் இளைஞர் இன்று உளர். வயிற்றுக்குரிய கடமையும் உள்ளத்துக்குரிய விருப்பமும் ஒருவரிடத்தே கூடி வாழுமோ என்பதே அன்னாரின் ஐயம். அவ்வையத்திற்கு வாதத்தால் விடை கூறுதலினும் ஒருவர் வாழ்க்கையால் விடை கூறுதல் நலமென்று கருதி, தஞ்சை ராவ்சாகிபு ஆபிரகாம் பண்டிதரவர்கள் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள், தென்காசிக்கு அடுத்த சாம்பவர் வடகரையில் முத்துசாமி நாடார்க்கும் அன்னம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். எளிய கிறிஸ்தவக் குடும்பம். இளமையிற் கற்றுத் தேர்ந்து, திண்டுக்கல்லிலிருந்த மிஷன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்து, பின்னர் ஆசிரியராகவும் அமர்ந்தார். அவ்வூரிலேயே பிடில் வாத்தியமும் பயின்றார். ஆசிரியர்க்குக் கிடைத்த சொற்ப ஊதியத்தையும் ஓய்வு நேரத்தையும் கொண்டு அவர் இசை கற்ற காலம் அது.

அக்காலத்திலேயே சித்த மருத்துவத்திலும் அவர்க்கு வேட்கை மிகுந்தது. மூலிகைகளைத் தேடிச் சுருளிமலைக்குச் சென்றவிடத்துக் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவர்பால் மருந்து முறைகளைக் கற்றார். பின்னாளில் தாம் செய்த யாவற்றிற்கும் அக்குருவின் அருளே காரணமென்பது பண்டிதர் கொள்கை. தம் மருத்துவசாலைக்குக் கருணாநிதி என்றும், தோட்டத்திற்குக் கருணானந்தபுரம் என்றும், தம் இசை நூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்றும் அவர் பெயரிட்டமை நோக்கத்தக்கது. மருந்தும் பயிரும் பண்ணும் அவர்க்கு ஒரே கருணையின் பல துறைகளாய்த் தோன்றின போலும்.

1882-ஆம் ஆண்டில் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அதன்பின் இருவரும் தஞ்சைக்கு வந்து, அங்கிருந்த பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியராயினர். நாள்தோறும் பள்ளி வேலை, எஞ்சிய நேரத்தில் நோயாளரைப் பார்த்தல், இரவில் இசைப்பயிற்சி. இவ்வாறு சில ஆண்டுகள் கழிந்தன. 1890-இல் ஆசிரியத் தொழிலை விட்டு மருத்துவத்தையே முழுத்தொழிலாக மேற்கொண்டார். திங்கள்தோறும் வரும் ஊதியத்தை விடுதல் குடும்பத்தார்க்கு எளிய செயலன்று. ஆனால் அவர் மருந்துகளின் புகழ் தமிழ்நாட்டைக் கடந்து இலங்கை முதலிய இடங்களிலும் பரவிற்று. தஞ்சைக்கருகில் ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலத்தை வாங்கி மூலிகையும் கரும்பும் பிறவும் பயிரிட்டார். ஊரார் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றனர். வேளாண்மையில் அவர் செய்த பணிக்காக 1909-இல் அரசாங்கத்தார் ராவ்சாகிபு என்னும் பட்டமளித்தனர்.

பெரும்பொருள் ஈட்டிய பலர் இளமை விருப்பத்தை மறந்துவிடுதலை நாம் காண்கின்றோம். பண்டிதரோ மறந்திலர். மருத்துவம் தந்த செல்வத்தை இசைக்கே செலவிட்டார். 1912-ஆம் ஆண்டில் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்து, அடுத்தடுத்து மாநாடுகளைக் கூட்டினார். மன்னரையோ ஜமீன்தாரையோ நாடாமல் தம் கைப்பொருளைக்கொண்டே வித்துவான்களை வருவித்து உபசரித்தார். அவர்கள் பாடியதோடு நில்லாது, சுருதிகளைப் பற்றியும் இராகங்களின் இலக்கணத்தைப் பற்றியும் ஒருவரோடொருவர் வாதிட்டு ஆராயவும் இடஞ்செய்தார்.

அவ்வாராய்ச்சியின் நடுவிலிருந்த வினா ஒன்று. ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை? வடமொழி நூல்கள் இருபத்திரண்டு என்றன. பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் பல்லாண்டு ஆராய்ந்தார். பழந்தமிழர் ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு இராசிகளாகப் பகுத்து, அவற்றில் சுரங்களை நிறுத்திப் பண்களைப் பிறப்பித்தனர். அவ்வீடு ஒவ்வொன்றையும் மீண்டும் இரண்டாக்கினால் இருபத்துநான்கு அலகுகளாம். அவை சம அளவினவே என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். 1916-ஆம் ஆண்டு பரோடாவில் நிகழ்ந்த அகில இந்திய இசை மாநாட்டிற்குச் சென்று இக்கொள்கையை எடுத்துரைத்தார். அவர் குடும்பத்துப் பெண்மணிகளும் அவையிற் பாடிக்காட்டித் துணைநின்றனர். எல்லோரும் அதனை ஏற்றனர் என்று கூறுதற்கில்லை. இருபத்திரண்டே சரியென்று நின்ற அறிஞர் பலர். எனினும் தமிழிசையின் தொன்மையைப் பற்றி அவ்வவையிற் பேசாதிருக்க இயலாதபடி செய்தவர் ஒரு நாட்டு மருத்துவரே.

அடுத்த ஆண்டில், அஃதாவது 1917-இல், கருணாமிர்த சாகரம் அச்சாகி வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூலை வெளியிடுதற்குரிய பொருளும் மருத்துவசாலை தந்ததேயாம். நூல் வெளிவந்த பின் பண்டிதர் நெடுங்காலம் வாழ்ந்திலர். 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் தம் அறுபதாம் வயதிற் காலமானார்.

பண்டிதர் பிறந்த மறு ஆண்டில் பிறந்த ஆங்கிலேயர் ஒருவரையும் இங்கே நினைக்கின்றோம். சார்லஸ் ரஸ்ஸல் டே என்னும் அவர் படைத்தலைவர். இந்தியாவில் படைப்பணி செய்த காலத்தில் நம் வீணையையும் நாகசுரத்தையும் பிற கருவிகளையும் ஆராய்ந்து, தென்னிந்திய இசையையும் இசைக்கருவிகளையும் பற்றி 1891-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1900-இல் தென்னாப்பிரிக்கப் போரில் உயிர் துறந்தார். கடமையை அவர் விட்டிலர், இசையையும் விட்டிலர்.

இசையால் நோய் தீர்த்ததாகப் பண்டிதரைப் பற்றி நாம் கூற வரவில்லை. அவர் நோய்க்கு மருந்தளித்தார். மருந்து தந்த பொருளால் இசைக்கு வாழ்வளித்தார். திண்டுக்கல்லிற் பிடில் தொட்ட நாள்முதல் பெருநூல் அச்சான நாள்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. அவற்றில் இசை அவர்க்கு ஒரு காசும் ஈட்டித் தந்திலது, செலவே வைத்தது. மற்றொரு தொழிலை முழுமனத்தோடு செய்தமையாலேயே அச்செலவை அவராற் தாங்க முடிந்தது. வேறு தொழில் இருந்தமை இசைக்குத் தடையாயிற்றென்று யார் கூறுவர்?

படையிலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ ஊழியம் செய்யப் புகும் நம் மாணாக்கர் இதனை உன்னுவாராக. கடமை முடிந்த பின் எஞ்சும் நாழிகை சிறிதேயாயினும், அதனை நாள்தோறும் தவறாது ஒரு கலைக்கு ஈவாராயின் காலம் அதனைப் பெருக்கித் தரும். சாம்பவர் வடகரையில் எளிய குடியிற் பிறந்த ஆசிரியர் ஒருவர்க்குக் கைகூடியது, நம்மவர்க்கும் கைகூடாதோ?