குப்பையை உரமாக்கும் ‘இந்தூர் முறை’: யார் இந்த ஆல்பர்ட் ஹோவர்ட்?

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று சூரமங்கலம். அங்குள்ள உழவர் சந்தையில் வியாபாரம் முடிந்ததும் கீரைத்தண்டு, முட்டைகோஸ் இலை, அழுகிய தக்காளி எல்லாம் மிஞ்சும். ஹோட்டல், வீடுகளின் சாப்பாட்டு மிச்சமும் தினமும் சேரும். இதை அப்படியே கொட்டி வைத்தால் நாத்தம். காற்று, ஈரம் பார்த்துப் பக்குவப்படுத்தினால் சில மாதங்களில் உரம். டன் கணக்கில் வரும் கழிவைக் கணக்குப் பார்த்து உரமாக்கும் முறையை இந்தியாவில் வகுத்துக் கொடுத்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர். அவர் இறந்து முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

விவசாயி வீட்டுப் பிள்ளை

ஹோவர்ட் 1873-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1899-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் கரும்பு, கொக்கோ பயிர்களில் வரும் பூஞ்சை நோய்களை ஆராய்ந்தார். அங்கே ஒரு சிக்கல் அவரை உறுத்தியது. விவசாயிகளுக்கு யோசனை சொல்ல வேண்டியவர் அவர். ஆனால், அந்த யோசனையைச் செய்து பார்க்க அவருக்கென்று ஒரு துண்டு நிலம்கூட இல்லை.

அந்தக் குறை 1905-ல் தீர்ந்தது. பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் தாவரவியலாளராகச் சேர்ந்த அவருக்கு 75 ஏக்கர் கிடைத்தது. பூச்சிமருந்து அடிக்காமலே சுற்றுவட்டார விவசாயிகள் நல்ல விளைச்சல் எடுப்பதைக் கவனித்தார். கற்றுக்கொடுக்க வந்தவர், அவர்களிடமே கற்கத் தொடங்கினார். பூச்சியும் நோயும் மண்ணில் ஏதோ கோளாறு இருப்பதைக் காட்டும் அறிகுறி என்ற முடிவுக்கு வந்தார்.

மறக்கப்பட்ட பெயர்கள்

ஹோவர்டின் மனைவி கேப்ரியல், கேம்பிரிட்ஜில் ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்த தாவர விஞ்ஞானி. இருவரும் சேர்ந்து உருவாக்கிய ‘பூசா’ கோதுமை ரகங்கள் வட இந்தியாவில் பரவின. 1913-ல் கேப்ரியலுக்கும் அரசுப் பதவி கிடைத்தது. ஆனாலும், இன்று பெரும்பாலும் கணவர் பெயர்தான் நினைவில் இருக்கிறது.

பயிருக்கு ஒருவர், பூச்சிக்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர் என்று துறை துறையாகப் பிரிந்து கிடந்த ஆராய்ச்சி முறை ஹோவர்டுக்கு ஒத்துவரவில்லை. 1924-ல் இந்தூரில் சுமார் 300 ஏக்கரில் தனி ஆராய்ச்சி நிலையம் உருவானது. அங்கே உர ஆராய்ச்சியில் அவருடன் உழைத்தவர் யஷ்வந்த் வாட். 1930-ல் கேப்ரியல் இறந்தார். அடுத்த ஆண்டு ஹோவர்டும் வாடும் சேர்ந்து எழுதிய புத்தகம் வெளியானது. ‘இந்தூர் முறை’ உலகத்துக்குத் தெரிந்தது அதன் மூலம்தான்.

அது என்ன முறை?

சீனா, கொரியா, ஜப்பான் விவசாயிகள் நூற்றாண்டுகளாகக் கழிவை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்து வந்ததை ஹோவர்ட் படித்திருந்தார். அந்தப் பழக்கத்தையும் நம்மூர் சாணி எருவையும் அளவு, நாள் கணக்கோடு ஒழுங்குபடுத்தினார்.

குழி 30 அடி நீளம், 14 அடி அகலம். ஆழம் மட்டும் 2 முதல் 3 அடிதான். அதற்கு மேல் போனால் அடியில் காற்று போகாது. காய்ந்த தழை, சாணி, மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் என்று அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். உள்ளே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கியதும் சூடு 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் அதிலேயே செத்துவிடும்.

15 நாளில் ஒரு புரட்டல், இன்னும் 15 நாளில் அடுத்தது, அதற்கு ஒரு மாதம் கழித்து மூன்றாவது. மூன்று மாதத்தில் உரம் ரெடி.

பச்சைக் கழிவும் காய்ந்த கழிவும் கலந்திருப்பது முக்கியம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு சுமார் 30 பங்கு கார்பன் என்பது கணக்கு. சாப்பாட்டுக் கழிவு மட்டும் போட்டால் கொழகொழவென்று அழுகும். காய்ந்த இலை மட்டும் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

வயலிலிருந்து நகரத்துக்கு

பண்ணைக்காக வந்த இந்த முறை, 1930-களில் இந்தூர் நகரக் குப்பையிலும் கல்கத்தா அருகே டாலிகஞ்சிலும் பயன்பட்டது. புரட்டும் கூலிச்செலவைக் குறைக்க, சி.என்.ஆச்சார்யா 1939-ல் புரட்டத் தேவையில்லாத ‘பெங்களூர் முறை’யைக் கொண்டுவந்தார். ஆனால், அதில் உரமாக அதிக நாளாகும்.

ஹோவர்ட் சொன்ன எல்லாமே நிரூபிக்கப்பட்டுவிடவில்லை. கோமாரி நோய் வந்த மாடுகளோடு பழகியும் தன் மாடுகளுக்கு நோய் தொற்றவில்லை, காரணம் நல்ல மண்ணில் விளைந்த தீவனம் என்றார். அது அவருடைய அனுபவம், முறையான சோதனை அல்ல. ரசாயன உரத்தை அவர் எதிர்த்ததால் விஞ்ஞானிகள் பலர் அவரோடு மோதினார்கள். 1934-ல் ‘சர்’ பட்டம் பெற்ற அவர், 1940-ல் எழுதிய நூல் இயற்கை விவசாய இயக்கத்துக்கு அடித்தளமானது. 1947 அக்டோபரில் காலமானார்.

இன்றைக்கு என்ன பாடம்?

இப்போது குழிக்குப் பதில் நீளக் குவியல். மண்வெட்டிக்குப் பதில் இயந்திரம். ஆனால், காற்று, ஈரம், கலவை என்ற மூன்றும் மாறவில்லை. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இந்தச் சோதனை பெரிய ஆலைக்கும் பொருந்தும், வீட்டுத் தொட்டிக்கும் பொருந்தும்.

ஹோவர்ட் காலத்தில் பெரிதாக இல்லாத ஒரு தொல்லை இப்போது உண்டு: பிளாஸ்டிக். கண்ணாடித் துண்டும் பாலித்தீன் பையும் கலந்த உரத்தை எந்த விவசாயியும் வயலில் போட மாட்டார். கலந்து வந்ததைப் பிரிக்கும்போது கையைக் கிழித்துக்கொள்வது தூய்மைப் பணியாளர்கள். வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்வது அதனால்தான்.

தேசியத் தூய்மைக் கணக்கெடுப்பில் 2017 முதல் தொடர்ந்து முதலிடம் பிடித்து வந்த நகரம் அதே இந்தூர். அந்த வெற்றியின் முக்கியக் காரணம், குப்பையை வாசலிலேயே பிரித்து வாங்கியது. சூரமங்கலத்துக் கழிவு நல்ல உரமாவதும் அந்த முதல் படியில்தான் இருக்கிறது.