நோயாளியைத் தமக்கே செவிலியாக்கிய மருத்துவர்

‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துள்ளார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என்பனவே அந்நான்கு. நான்காமவரை இன்று நாம் செவிலியர் என்கிறோம். ஆனால் வாழ்நாள் முழுதும் நீங்காத நோய்க்கு, வாழ்நாள் முழுதும் அருகிருக்க எந்தச் செவிலியால் இயலும்? அங்கே நோயாளியே தமக்குச் செவிலியாக வேண்டும். நீரிழிவு அத்தகைய நோய். அந்நோய்க்கெனத் தம் வாழ்வையே அர்ப்பணித்த பேராசிரியர் டாக்டர் எம். விசுவநாதன் அவர்களின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இவரைப் பற்றி எழுத எங்களைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அம்பத்தூரில் வாழும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டியாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னையின் கொடியேற்றத்துக்கு ஆகஸ்ட் 29 அன்று வெறுங்காலுடன் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டு, அவ்வாறே நடந்தார். தார்ச்சாலையின் சூட்டில் பாதம் கொப்புளித்தது. ஆனால் அவருக்கு வலிக்கவே இல்லை. வலிக்காததை அன்னையின் அருள் என்றே அவர் எண்ணினார். மூன்று வாரங்களுக்குப் பின் கால் விரல் ஒன்றை அகற்ற நேர்ந்தது. நோய் முற்றினால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கும் என்பதை அத்தனை ஆண்டுகளில் அவருக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. வேண்டுதலில் குற்றமில்லை, அறியாமையே விரலைக் கொண்டுபோயிற்று.

நாம் உண்ணும் உணவு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடலின் அணுக்களுக்குள் செலுத்தும் திறவுகோல், கணையம் சுரக்கும் இன்சுலின். அது குறைந்தாலும், சரிவர வேலை செய்யாவிட்டாலும் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிக் கண், சிறுநீரகம், இருதயம், நரம்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும். 1921-இல் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அதை அன்றாடம் அளந்து போடவும், அதற்கேற்ப உண்ணவும் மக்களுக்கு யார் கற்பிப்பது? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜாஸ்லின் என்பவர் 1918-லேயே நோயாளிகள் படிப்பதற்கென்று ஒரு கையேடு எழுதியிருந்தார். செவிலியரைப் பயிற்றுவித்து, நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பிக் கற்பிக்கவும் செய்தார்.

நம் சென்னையில் அப்பணிக்கு வழி திறந்தவர் டாக்டர் விசுவநாதன். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டான 1948-இல் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை அவர் தொடங்கினார். இந்தியாவிலேயே அத்தகைய பிரிவுகளில் அதுவே முதலாவது எனக் கூறப்படுகிறது. பஞ்சமும் தொற்றுநோயும் மக்களை வாட்டிய காலம் அது. நீரிழிவைப் பணக்காரர் நோய் என்று பலரும் ஒதுக்கிய அந்நாளில், ஏழை எளியோர் வரும் அரசு மருத்துவமனையில் அதற்கெனத் தனி இடம் கண்டது எத்துணை தொலைநோக்கு!

அந்நாளைய நோயாளியின் பாட்டை எண்ணிப் பாருங்கள். இன்று போல் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து நொடியில் அளவு காணும் கருவி அன்றில்லை. நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் காணும் அதே பெனடிக்ட் கரைசலில் சிறுநீரை விட்டுக் காய்ச்சுவார்கள். நீல நிறம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று மாற மாறச் சர்க்கரை மிகுதி. கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். இவற்றையெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தர ஒருவர் இல்லாவிடில் மருந்திருந்தும் பயனில்லை.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ கடற்கரை மின்சார ரயிலில் ஏறினால், வண்ணாரப்பேட்டையை அடுத்து வருவது இராயபுரம். அங்கே மேற்கு மாதா கோவில் தெருவில் உள்ள எம்.வி. மருத்துவமனையை டாக்டர் விசுவநாதன் 1954-இல் நிறுவினார். பொது மருத்துவமனையாகத் தொடங்கிய அது, 1971-இல் நீரிழிவுக்கு மட்டுமேயான மருத்துவமனையாயிற்று. அடுத்த ஆண்டே ஆராய்ச்சி மையமும் எழுந்தது. சிகிச்சையோடு கல்வியும் பயிற்சியும் அளிக்கும் அந்நிறுவனத்தை உலக சுகாதார நிறுவனமும் தன் கூட்டு மையமாக ஏற்றுக்கொண்டது.

அவருடைய பணிகளுள் நம் சமையலறையைத் தொட்டது உணவு பற்றிய ஆராய்ச்சி. நீரிழிவுக்காரர் சோற்றையே மறக்க வேண்டும் என்று கூறிவந்த காலத்தில், மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவைக் கொண்டே சர்க்கரையைக் கட்டுப்படுத்தலாம் என்று அவர் ஆராய்ந்து காட்டினார். பருப்பு, பயறு, கீரை, காய்கறி இவற்றைக் கூட்டித் தானியத்தை அளவோடு உண்பதே அம்முறை. கடைப்பிடிக்க முடியாத கட்டளையைவிடக் கடைப்பிடிக்கக் கூடிய பழக்கமே நன்று அல்லவா? சோறே கூடாது என்று தடுக்கப்பட்ட நம் தோழியின் பாட்டியார், யாருமில்லாத நேரத்தில் பழைய சோற்றை மறைத்து உண்பாராம்! பெற்றோர் இருவருக்கும் இந்நோய் இருப்பின் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதையும் அவரும் அவருடைய குழுவினரும் 1985-இல் வெளியிட்டனர். ஆகவே நல்லுணவு நோயாளிக்கு மட்டுமன்று, வீட்டிலுள்ள அனைவருக்கும் உரியது.

1996-இல் அப்பெருமகனார் மறைந்தார். அவருடைய மைந்தர்களும் மருமகனும் அதே துறையில் தொடர்ந்தனர். 2023-இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளதாகக் கூறுகிறது. இத்தனை பேருக்கும் மருத்துவர் மட்டுமே கற்பித்தல் இயலாது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், பெண் தன்னார்வலர் மூலம் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டு சேர்த்தது. அவ்வாசலுக்கு உள்ளே நடக்க வேண்டிய பணி நம்முடையது.

அன்புத் தோழியரே! நாம் செய்யக் கூடியவை மிக எளியவை. உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். நினைவோடு இருப்பவருக்கு உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பாதங்களை நாள்தோறும் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, புண்ணோ வெடிப்போ உள்ளதா என்று பார்க்க வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் அறுக்கலாகாது. வீட்டுக்குள்ளும் செருப்பணிவது நலம். மருந்தை ஒருநாளும் தாமாக நிறுத்தலாகாது.

நம் தோழி இப்பொழுது ஒவ்வொரு மாலையும் செபமாலை முடிந்ததும் பாட்டியாரின் பாதங்களை மடியில் எடுத்து வைத்து, விளக்கொளியில் உற்றுப் பார்க்கிறாள். பாட்டியாரும் ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்துத் தம் உள்ளங்காலைத் தாமே பார்க்கக் கற்றுக்கொண்டார். அடுத்த கொடியேற்றத்துக்குப் பேருந்தில், காலில் செருப்போடு சென்று, அதே பக்தியுடன் அன்னையை வணங்கித் திரும்பினார். ஒருவரது பாதத்தைக் கழுவித் துடைப்பது தாழ்ந்த பணியன்று என்பதை நம் ஆண்டவரே தம் சீடர்களிடம் காட்டியருளினார். அப்பணியை இன்றே நம் இல்லங்களில் தொடங்குவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி