நடுவுல எல்லாம் போச்சு, ஓரம் மட்டும் நிக்குது! (லைப்னிட்ஸ் கதை)

இந்த மாதம் அறிஞர் அறிமுகம் பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. ராமானுஜத்தைப் பற்றி எல்லாரும் எழுதிட்டாங்க. அதனால நான் ஒரு ஜெர்மனிக்காரரை எடுத்துக்கிட்டேன். பெயர் கோட்ஃபிரீட் வில்ஹெல்ம் லைப்னிட்ஸ். இவரை எடுத்ததுக்கு என் சொந்தக் காரணம் ஒண்ணு இருக்கு. அதை நடுவுல சொல்றேன்.

லைப்னிட்ஸ் 1646-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி லைப்சிக் நகரத்தில் பிறந்தார். அப்பா பல்கலைக்கழகப் பேராசிரியர். பையனுக்கு ஆறு வயசு இருக்கும்போது அவர் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன புத்தக அலமாரிதான் பையனுக்கு இன்னொரு பள்ளிக்கூடம். லத்தீன் மொழியைப் பெரும்பாலும் தானாகவே படித்துக்கொண்டார். பிறகு சட்டம் படித்தார். சொந்த ஊரில் டாக்டர் பட்டம் தர மறுத்துவிட்டார்கள். ஆல்ட்டார்ஃப் என்ற ஊருக்குப் போய் 1667-ல் வாங்கிவிட்டார். கவனிச்சீங்களா, இதுவரைக்கும் நம்ம கணக்கு வரவே இல்லை!

1672-ல் மைன்ஸ் அரசரின் வேலையாகப் பாரிஸ் போனார். அப்போது வயது 25. அங்கே கிறிஸ்டியான் ஹைகன்ஸைச் சந்தித்தார். சனிக்கோளுக்கு வளையம் இருக்கிறது என்று சொன்னவர், ஊசல் கடிகாரம் செய்தவர் இந்த ஹைகன்ஸ்தான். அவர் லைப்னிட்ஸைச் சோதிக்க ஒரு கணக்குக் கொடுத்தார்.

புளியங்கொட்டையை முக்கோணமாக அடுக்கிப் பாருங்கள். முதலில் 1, பிறகு 3, 6, 10, 15 என்று போகும். இவைதான் முக்கோண எண்கள். இவற்றைத் தலைகீழாக்கி முடிவே இல்லாமல் கூட்டினால் என்ன வரும்?

1 + 1/3 + 1/6 + 1/10 + 1/15 + …

பார்த்தாலே தலை சுத்துது இல்ல? லைப்னிட்ஸ் முதலில் எல்லாவற்றையும் பாதியாக்கினார். 1/2 + 1/6 + 1/12 + 1/20 + … என்று ஆனது. பிறகு ஒவ்வொன்றையும் ஒரு கழித்தலாக எழுதினார். 1/2 என்பது 1 − 1/2. 1/6 என்பது 1/2 − 1/3. 1/12 என்பது 1/3 − 1/4. இப்போ சேர்த்து எழுதுங்க:

(1 − 1/2) + (1/2 − 1/3) + (1/3 − 1/4) + …

முதல் அடைப்பில் கழிந்த 1/2 அடுத்த அடைப்பில் கூட்டலாக வந்து நிற்கிறது. ரெண்டும் அடிபட்டுப் போச்சு. 1/3-ம் அப்படியே. நடுவில் உள்ளதெல்லாம் காலி, முதல் ஆளும் கடைசி ஆளும்தான் மிச்சம். பழைய டெலஸ்கோப் குழாயை மடக்கினால் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும் இல்லையா, அதனால்தான் இந்த மாதிரித் தொடருக்கு டெலஸ்கோப்பிங் தொடர் என்று பெயர். 10 உறுப்பு வரை கூட்டினால் 1 − 1/11, அதாவது 10/11. 99 உறுப்பு வரை என்றால் 99/100. போகப் போக 1-ஐ நெருங்கும், ஆனால் தாண்டாது. ஆகவே எல்லை 1. பாதியாக்கியதைத் திரும்ப இரண்டால் பெருக்கினால் ஹைகன்ஸ் கேட்ட விடை 2!

ஒரு எச்சரிக்கை. கடைசி ஆளை மறந்தா மாட்டிப்பீங்க. (1 − 2) + (2 − 3) + (3 − 4) + … இதிலும் நடுவில் எல்லாம் அடிபடும். ஆனால் கடைசி உறுப்பு பெரிசாகிக்கிட்டே போறதால இதுக்கு எல்லையே கிடையாது. முதல்ல n உறுப்பு வரைக்கும் கூட்டணும், அப்புறம்தான் எல்லை.

இப்போ என் கதை. போன வருஷம் ஒரு தேர்வில் 1/2 + 1/6 + 1/12 + … என்று 10 உறுப்பு வரை கூட்டச் சொல்லியிருந்தது. நான் 2/3, 3/4, 4/5 என்று வருவதைப் பார்த்து நேராக 10/11 என்று எழுதிவிட்டேன். வழிமுறை எழுதவில்லை. யாரைப் பார்த்து எழுதினாய் என்று எல்லார் முன்னாடியும் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மூணு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

லைப்னிட்ஸுக்கும் இதே கதிதான்! 1673-ல் லண்டன் போனார். எண்களின் வேறுபாடுகளை வைத்துத் தான் கண்டுபிடித்த ஒரு முறையைப் பெருமையாகச் சொன்னார். அங்கிருந்த ஜான் பெல் என்ற கணித அறிஞர், அது மூட்டன் என்ற பிரெஞ்சுக்காரரின் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்றார். எடுத்துப் பார்த்தால் இருந்தது! பாவம், எப்படி இருந்திருக்கும்? ஆனால் அவர் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தான் போன வழி எது என்று விளக்கி ராயல் சொசைட்டிக்கு எழுதிக் கொடுத்தார். அதே வருஷம் அவரை அங்கே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். (முக்கோண எண் கணக்கைக்கூட இத்தாலியின் மெங்கோலி 1650-லேயே போட்டுவிட்டார் என்பது வேறு கதை.)

கூட்டலும் கழித்தலும் ஒன்றை ஒன்று அழிக்கும் என்ற இந்த எண்ணத்தை அவர் விடவே இல்லை. மிகமிகச் சின்ன வேறுபாடுகளுக்கும் அதையே பொருத்திப் பார்த்தார். வகையிடலும் தொகையிடலும் எதிரெதிர் என்று நாம் படிக்கிறோமே, அது இங்கிருந்துதான் அவருக்கு வளர்ந்தது. 1675 அக்டோபர் 29-ல் ∫ என்ற குறியை முதலில் எழுதினார். கூட்டல் என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லின் முதல் எழுத்தை நீட்டி இழுத்ததுதான் அது. 1684-ல் தன் நுண்கணிதத்தை அச்சில் வெளியிட்டார்.

மறுபடியும் அதே பழி வந்தது, இந்த முறை நியூட்டனிடமிருந்து. நியூட்டன் 1660-களிலேயே கண்டுபிடித்து வெளியிடாமல் வைத்திருந்தார். 1712-ல் ராயல் சொசைட்டி குழு நியூட்டன் பக்கம் தீர்ப்பு சொன்னது. அப்போது சொசைட்டித் தலைவரே நியூட்டன்தான்! இரண்டு பேரும் தனித்தனியாகவே கண்டுபிடித்தார்கள் என்று இன்றைய வரலாற்று அறிஞர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அதைக் கேட்க அவர் இல்லை. 1716 நவம்பர் 14-ல் ஹனோவரில் இறந்தார். அரண்மனையிலிருந்து யாரும் அடக்கத்துக்கு வரவில்லை. கல்லறையில் 50 வருஷத்துக்கு மேல் பெயர்கூட இல்லை.

இதைப் படித்த மறுநாள் நான் அந்தக் கணக்கை வரிவரியாக எழுதி ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனேன். இரண்டு தடவை படித்தார். மார்க் மாறவில்லை. ஆனால் அந்தத் தாளை என்னிடம் திருப்பித் தராமல் அவரே வைத்துக்கொண்டார்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 1/(1×3) + 1/(3×5) + 1/(5×7) + … முடிவில்லாமல் போனால் எல்லை என்ன? விடையை இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்க. வழிமுறையோடு!

— 11 'ஆ' பிரிவு மாணவன்