கூடாரம் போட்ட டாக்டர்

நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் யாருக்காவது மனசு சரியில்லைன்னா, ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்வாங்க. அந்த ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ல் ஒரு காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை.

அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே சங்கிலி இல்லாத வழி காட்டியவர் டாக்டர் வித்யா சாகர். 1909-ல் பிறந்தவர். 1950-களில் பஞ்சாபில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையை நடத்தினார். அப்போதெல்லாம் நோயாளியைக் கொண்டுவந்து விட்டால் பல சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளேயே கிடந்தால் குணமானவருக்கும் வீட்டுப் பழக்கம் மறந்துபோகுமே!

அவர் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்தார். அம்மாவோ அண்ணனோ நோயாளியோடு அதில் தங்கணும் (நம்ம திருவிழாவுக்குப் போய்த் தங்குற மாதிரி). வீட்டு ஆட்களே கூட இருந்து பார்த்துக்கிட்டாங்க. டாக்டர் அவர்களை உட்கார வைத்து நோயைப் பற்றி விளக்குவார். பயம் போச்சு. பலர் சீக்கிரமே வீடு திரும்பினார்கள். பிறகு ரோத்தக்கில் பேராசிரியராக இருந்தார். 1978-ல் காலமானார்.

தமிழ்நாட்டில் 1957-ல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையத்திலும் சொந்தக்காரர் கூடவே தங்கணும். அங்கே மருந்தோடு ஆக்குபேஷனல் தெரபியும் உண்டு. பெயர்தான் பெரிசு! தன் துணியைத் தானே துவைப்பது, ஒரு கைவேலை செய்வது, கடையில் சில்லறை எண்ணி வாங்குவது, பஸ் ஏறுவது என்று நாம் யோசிக்காமலே செய்கிறதை நோயாளிக்கு மறுபடி பழக்குவதுதான் அந்தச் சிகிச்சை.