மேஜர் பரமேஸ்வரன்: ஆகஸ்ட் 15 அன்று நான் நினைக்கும் மனிதர்

சுதந்திர தினம் வந்தால் போதும், நம்ம எல்லாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் மூவர்ணக் கொடி ஏறிவிடும். காலேஜில் கொடியேற்றம், என்.சி.சி. அணிவகுப்பு, கையில் ஒரு மிட்டாய், பத்து மணிக்கெல்லாம் ஹாஸ்டலுக்குத் திரும்பி தூக்கம். அதில் ஒன்றும் தப்பில்லை, லீவு லீவுதான். ஆனால் அன்றைக்கு ஒரு ஐந்து நிமிஷம் ஒரு மனிதரைப் பற்றிப் படிக்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ராணுவ வீரர் என்றதும் இப்போது நமக்கு உடனே ஞாபகம் வருவது மேஜர் முகுந்த் வரதராஜன். 2024-ல் அமரன் படம் வந்த பிறகு அவரைத் தெரியாதவர்களே இல்லை. முகுந்த் பயிற்சி எடுத்தது சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். அங்கே பயிற்சி முடிக்கும் இளைஞர்கள் கடைசி நாளில் அணிவகுத்து வெளியே வரும் மைதானத்துக்கு ஒரு பேர் இருக்கிறது. பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர். அந்தப் பரமேஸ்வரன் யார்?

முழுப் பெயர் ராமசாமி பரமேஸ்வரன். 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ராமசாமி, அம்மா ஜானகி. பம்பாய்த் தமிழர்கள் அதிகம் படித்த எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியில் படித்தார், அதே நிறுவனத்தின் கல்லூரியில் 1968-ல் அறிவியல் பட்டம் வாங்கினார். இப்போது நாம் இருக்கிற மாதிரிதான் அவரும் அப்போது இருந்திருப்பார். கையில் டிகிரி, முன்னால் பெரிய நகரம், வேலைக்கும் பஞ்சமில்லாத ஊர். ஆனால் 1971-ல் அவர் பரங்கிமலைக்கு வந்து சேர்ந்தார். வங்கதேசப் போர் நடந்த வருஷம் அது. 1972 ஜூன் மாதம் மஹர் ரெஜிமென்ட்டில் அதிகாரியாக நியமனம் ஆனார்.

இந்த ரெஜிமென்ட் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு காலத்தில் மஹர் சமூகத்தினர் நிறையப் பேர் இருந்தார்கள். அம்பேத்கரின் அப்பாவே சுபேதாராக இருந்தவர், அதாவது அம்பேத்கர் ஒரு ராணுவக் குடும்பத்துப் பிள்ளை. பிறகு அந்தச் சமூகத்தையே ராணுவத்தில் சேர்க்காமல் பிரிட்டிஷ்காரர்கள் கதவை மூடினார்கள். அம்பேத்கர் உள்படப் பலர் விடாமல் கேட்டுக் கேட்டு, 1941-ல் மஹர் ரெஜிமென்ட் உருவானது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாச் சமூகத்தினரும் அதில் சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட படைக்குத்தான் பம்பாய்த் தமிழரான பரமேஸ்வரன் போனார். பதினைந்து வருஷம் வேலை பார்த்தார். வடகிழக்கு மலைப் பகுதிகளில் கிளர்ச்சிக்கு எதிரான நடவடிக்கைகளிலும் இருந்தார். கூட இருந்த வீரர்கள் அவரைச் செல்லமாகக் கூப்பிட்ட பெயர் பாரி சாஹிப்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனது. முதலில் போய் இறங்கியவற்றில் பரமேஸ்வரன் இருந்த 8-வது மஹர் பட்டாலியனும் ஒன்று. சண்டையை நிறுத்தி வைக்கத்தான் போனார்கள். ஆனால் அக்டோபர் மாதம் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலேயே போர் தொடங்கிவிட்டது.

1987 நவம்பர் 25. யாழ்ப்பாணத்தை அடுத்த உடுவில், கந்தரோடைப் பகுதியில் ஆயுதங்கள் இறங்கியிருப்பதாகத் தகவல் வந்து, பரமேஸ்வரன் தன் ஆட்களோடு தேடப் போனார். தேடி முடித்துத் திரும்பும் வழியில் மறைந்திருந்தவர்கள் தாக்கினார்கள். அந்த மாதிரி நேரத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது கீழே படுத்துக்கொள்வது. அவர் பதறாமல், தாக்கியவர்களைப் பின்பக்கமாகச் சுற்றி வளைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவருடைய நெஞ்சில் சுட்டார். சுட்டவரின் துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டார் பரமேஸ்வரன். அதற்கப்புறமும் உயிர் இருக்கும் வரைக்கும் தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். எதிர்த் தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன. அவரோடு போனவர்கள் அந்த வளையத்திலிருந்து வெளியே வர முடிந்தது. பரமேஸ்வரன் வரவில்லை. அவருக்கு வயது 41.

போர்க்களத்து வீரத்துக்கு நாட்டில் இருப்பதிலேயே பெரிய விருதான பரம் வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. 1947-லிருந்து இன்று வரை அதைப் பெற்றவர்கள் 21 பேர் மட்டுமே. அதில் 14 பேருக்கு இறந்த பிறகுதான் கிடைத்தது. விருது வீட்டுக்கு வரும், ஆள் வருவதில்லை.

சரி, இதோடு முடித்து ஒரு சல்யூட் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பரமேஸ்வரனின் கதையை அப்படி முடிக்க முடியாது. தமிழ்நாட்டில் அவரைப் பற்றி நாம் அதிகம் பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அந்தப் போர் தமிழ் மண்ணில் நடந்தது. சுட்டவரும் தமிழர், சுடப்பட்டவரும் தமிழர். அதே 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்தபோது டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். அன்றைக்குத் தீபாவளி. எங்கள் சிவகாசிப் பக்கம் ஒரு வருஷ உழைப்பெல்லாம் வெடித்துத் தீர்கிற நாள். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, அதே மொழி பேசுகிறவர்கள் வேறு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதை மறைத்துவிட்டு எழுதினால் அது மரியாதை ஆகாது.

மறுபக்கம், இந்தியப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் அங்கே இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத் தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் தரப்பு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த 1,200 வீடுகளுக்கு யார் போனார்கள் என்ற கேள்வியும் எனக்கு வருகிறது.

இங்கே என் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஆலங்குளம். தென்காசிப் பக்கம் இருக்கிற ஆலங்குளம் இல்லைங்க, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். எங்க பக்கத்தில் வெடிச் சத்தம் என்றால் சோறு. சுத்துப்பட்டு ஊர்களில் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாசு ஆலைக்கோ, தீப்பெட்டி வேலைக்கோ, அச்சகத்துக்கோ போவார்கள். ஆனால் அதே சத்தம் நேரங்கெட்ட நேரத்தில் தூரத்திலிருந்து கேட்டால், தெருவே வெளியே வந்து நிற்கும். எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். ஆலைக்குப் போனவர்களுக்கு போன் போடுவார்கள். அந்தப் பக்கம் எடுத்து ஹலோ சொல்லும் வரைக்கும் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு உயிர் இருக்காது. சின்ன வயசிலிருந்து அந்த முகங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அந்தப் பத்து நிமிஷத்தை மாதக்கணக்காக இழுத்தால் எப்படி இருக்கும்? ராணுவக் குடும்பம் என்பது அதுதான். 1987-ல் மொபைல் இல்லை, வீடியோ கால் இல்லை. ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்பதுகூட வீட்டுக்குத் தெரியாது, கடிதம் எழுதினால் முகவரி 56 ஏ.பி.ஓ. என்று மட்டும்தான் இருக்கும். பதில் வரும் நாள் வரைக்கும் பேப்பரைப் பிரிக்கவே பயம். கெட்ட செய்தி தந்தியில் வரும். பரமேஸ்வரனின் அம்மாவுக்கும் மனைவிக்கும் அந்த நவம்பரில் என்ன மாதிரி நாட்கள் என்பதை யோசிக்க, எங்க தெரு எனக்கு உதவுகிறது.

அந்தப் போர் சரியா தப்பா என்று அந்த வீடுகளிடம் யாரும் கேட்டு அனுப்பவில்லை. பரமேஸ்வரனிடமும் கேட்கவில்லை. கொழும்பில் கையெழுத்துப் போட்டவர்கள் அனுப்பினார்கள், அவர் போனார்.

இதில் சுதந்திரம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராஜ்யத்துக்காக 74,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் செத்தார்கள். பிரான்ஸிலும் மெசபடோமியாவிலும் நம்ம ஆட்கள் எதற்கு சாக வேண்டும் என்று முடிவெடுத்த இடத்தில் போய்க் கேட்க இங்கே யாருக்கும் ஓட்டு இல்லை. 1947-க்கு அப்புறம் நிலைமை மாறியது. ராணுவத்தை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிற அரசாங்கம். எதற்கு அனுப்பினீர்கள், என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் செத்தவர்களுக்காகவும் கேட்கலாம், கந்தரோடையில் செத்தவர்களுக்காகவும் கேட்கலாம். அந்தக் கேள்வி டெல்லிக்குப் போக வேண்டிய கேள்வி. மகனை இழந்த ஒரு அம்மாவின் வாசலில் கொண்டுபோய் இறக்கி வைக்கிற கேள்வி அல்ல.

நான் ஆகஸ்ட் 15-ஐக் கொண்டாடுவதற்குக் காரணம் இதுதான். எல்லாப் போரும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்கிற நாளாக அதை நான் நினைக்கவில்லை. கேள்வியும் கேட்டுக்கொண்டு, போனவருக்கு மரியாதையும் செய்ய முடிகிற ஒரு நாட்டில் பிறந்திருக்கிறேன், அதற்காக.

இறந்த பல வருஷங்களுக்குப் பிறகு மரியாதைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. கொழும்புக்குப் பக்கத்தில் இலங்கை நாடாளுமன்றம் இருக்கும் கோட்டேயில், இந்திய அமைதிப் படையினருக்கு இலங்கையே நினைவுச் சின்னம் கட்டியிருக்கிறது. டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளில் அவருடையதும் ஒன்று. 2023-ல் அந்தமானில் 21 தீவுகளுக்கு அந்த 21 பேரின் பெயர்களை வைத்தபோது அவர் பெயரில் ஒரு தீவு வந்தது. ஆனாலும் எனக்குப் பிடித்தது பரங்கிமலை மைதானம்தான். 1971-ல் அவர் பயிற்சிக்கு வந்து நின்ற அதே அகாடமியில், இன்றைக்கும் நம்ம வயசுப் பசங்களும் பொண்ணுங்களும் அவர் பெயர் வைத்த தரையில் கால் பதித்துத்தான் அதிகாரிகளாக வெளியே போகிறார்கள். வெளியே பார்வையாளர் வரிசையில் அவர்களுடைய அப்பா அம்மா உட்கார்ந்திருப்பார்கள். காத்திருப்பு அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? பெரிசாக ஒன்றும் வேண்டாம். 1949-லிருந்து ஒவ்வொரு டிசம்பர் 7-ம் தேதியும் படைவீரர் கொடி நாள். ஸ்கூலில் சின்னக் கொடி கொடுத்துக் காசு வாங்குவார்களே, அதுதான். அந்தப் பணம் படைவீரர் குடும்பங்களின் நலனுக்குப் போகிறது. மாவட்டத் தலைநகரங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, நம்ம விருதுநகரிலும்தான். கணவனை இழந்த ஒரு பாட்டிக்கு அங்கே ஒரு ஃபார்ம் நிரப்பிக் கொடுக்க நம்மில் யாராலும் முடியும். நம்ம பொறியியல் கவுன்சலிங்கிலேயே முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு என்பதால், நம்ம கிளாஸிலேயே அப்படி ஒருத்தர் இருக்கலாம். அவன் அப்பா எங்கே இருந்தார், வீட்டில் அப்போது எப்படி இருந்தது என்று ஒரு நாள் கேன்டீனில் உட்கார்ந்து கேளுங்கள்.

கூடவே காலண்டரில் நவம்பர் 25-ஐ ஒரு முறை வட்டம் போட்டு வையுங்கள். அந்தக் காலண்டர் அநேகமாக எங்க சிவகாசியில் அடித்ததாகத்தான் இருக்கும்.